ஒரு நாள் விட்டு ஒரு நாள்

இன்று காலை பிசியோதெரபி செய்யும் பெண் என்னைப் பாயில் படுக்கவைத்து, அடிவயிற்றில் இரண்டு விரல்களால் அழுத்திக்கொண்டே, "தலைய மட்டும் தூக்குங்க சார்" என்றாள். தூக்கினேன்.

"இப்ப வலி ஜாஸ்தியாவுதா, கம்மியாவுதா?"

ஜாஸ்தி என்றேன்.

"அப்ப தசையாத்தான் இருக்கும். முதுகு வலிக்கு வயித்துப் பயிற்சி வாரத்துக்கு மூணு நாள்னு சொன்னேன். நீங்க தினமும் பண்ணியிருக்கீங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பண்ணுங்க. வயிறும் கை கால் மாதிரி தசைதான், அதுக்கும் ஓய்வு வேணும்."

அந்தக் கடைசி வாக்கியம் உன்னுடையது. கிட்டத்தட்ட நாற்பது வருடமாக அதை வேறு யார் வாயிலும் நான் கேட்டதில்லை.

கள்ளக்குறிச்சியில் நீ மூட்டை தூக்கிய அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதன் எதிரே புளியமரம், கிளையில் தேங்காய்நார் கயிறு. நம் உடற்பயிற்சிக் கூடம் அவ்வளவுதான். கயிற்றின் உச்சிக்குப் போனால் கல்வராயன் மலை தெரியும். போலீஸ் தேர்வில் கயிறு ஏறும்போது காலை மடக்கி நிறுத்த முடியாமல் நீ ஒருமுறை வழுக்கி இறங்கியிருந்தாய். கையில் பலம் இருந்தது, வயிற்றில் இல்லை. அடுத்த தேர்வோடு உனக்கு வயது வரம்பு முடிந்துவிடும்.

படுத்து எழும் பயிற்சியை நீ ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் செய்வாய். ஓய்வு நாளில் நான் கூப்பிட்டால், "இன்னிக்கு வயித்துக்கு லீவுடா" என்பாய்.

"வயிறு தினமும் சோறு கேக்குதே, அதுக்கு மட்டும் லீவு இல்லியா?" என்று நான் கேட்டேன். மில் ஆட்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மறுநாளிலிருந்து தினமும் நாற்பது என்று முடிவானது. உன் கால்களைப் பிடித்துக்கொண்டு எண்ணுவது என் வேலை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சாலைக்கு வந்த நாட்கள் அவை. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். நான் பகுதிநேர நிருபராகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எத்தனை மரம், எந்த ஊர், எத்தனை மணி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரிந்தேன்.

அன்று காலை முப்பத்தொன்று எண்ணியபோது நீ வலது பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாய்.

"இன்னாடா?"

"உள்ளே இஸ்த்துக்கினு இருக்குதுடா."

"தசை ஏறிக்கினு இருக்குது. இன்னும் ஒம்போது தானே, முடிச்சிடு."

முடித்தாய். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்கராபுரம் சாலையில் மரம் எண்ணப் போய்விட்டேன்.

மறுநாள் விடிந்ததும் உன் அக்கா வந்தார். "ராவெல்லாம் வாந்தி எடுத்துக்கினு கெடக்கான் தம்பி. உங்கிட்ட மட்டும் தான் ஏதாவது சொல்லுவான். வந்து இன்னான்னு கேளு." டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் வயிற்றைத் தொடும் முன் கேட்ட முதல் கேள்வி, "வலி எப்பலருந்து?"

நீ வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டேன். "நேத்து ராத்திரிலருந்து சார். தினமும் எக்சர்சைஸ் பண்றான், தசை பிடிச்சிருக்கும்."

முந்தின நாள் காலை என்று சொல்லியிருந்தால், வலிக்குப் பிறகும் ஒன்பது முறை எழுந்தது ஏன் என்று உன் அக்கா கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கு நான் பயந்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். திருத்தவில்லை. ஒரு ராத்திரி வலிதானே என்று டாக்டர் ஊசி போட்டு, சாயங்காலம் வரை பார்க்கலாம் என்றார்.

பத்து மணிக்கு, "வலி கம்மியாயிடுச்சுடா" என்றாய். நானும் உன் அக்காவும் காபி குடித்தோம். உள்ளே குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரம் அப்படி வலி அடங்குவது உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மத்தியானம் உன் வயிறு பலகை போல ஆனது. டாக்டர் ஓடிவந்து பார்த்தார். உடனே கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

மில் டிராக்டரில் உன்னைக் கட்டிலோடு ஏற்றினோம். தியாகதுருகம் தாண்டி முதல் மரம் கிடந்தது. அதைப் போட்டவர்களே ஓடிவந்து கட்டிலைத் தூக்கினார்கள். "பாத்து, பாத்து, தல பக்கம் தாழாம புடிங்கடா" என்றார் ஒரு பெரியவர். டிராக்டர் வயலில் இறங்கிச் சுற்றி வந்தது. அப்படி ஏழு மரம். ஐந்தாவது மரத்தைக் கடக்கும்போது கண்ணைத் திறந்து, "இன்னிக்கு லீவு நாளு தானேடா" என்றாய். எலவனாசூர்கோட்டையின் கோயில் கோபுரம் தெரிந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. நீ இல்லை.

மரங்கள்தான் உன்னைக் கொன்றன என்று உன் அக்கா கடைசிவரை சொன்னார். எனக்கு ஆறுதலாக ஒருமுறை, "நீ இன்னா பண்ணுவ தம்பி, ரோடு இல்லியே" என்றும் சொன்னார். தலையாட்டினேன். காலையிலேயே கிளம்பியிருந்தாலும் அதே ஏழு மரம்தான், பிழைத்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வெயில் தாழும் முன் கடலூர் போயிருப்போம்.

அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தச் செய்தியிலும் நேரம் தவறியதில்லை. விபத்தோ தீயோ, பார்த்த ஆளிடம் "எப்பலருந்து?" என்று மூன்று முறை கேட்பேன். மரியாதையாகத்தான் பதில் சொல்வார்கள். சிலருக்கு எரிச்சல் வரும். ஆசிரியர் குழுவில் என்னை உதாரணமாகச் சொல்வார்கள். அப்போதெல்லாம் நீ டாக்டர் முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தபடியே இருப்பாய்.

இன்று அந்தப் பெண்ணும் அட்டையில் எழுதுவதற்காகக் கேட்டாள். "வலி எப்பலருந்து சார்?"

"வியாழக்கிழமை காலை ஆறு இருபது" என்றேன். சிரித்தாள். "இவ்ளோ கரெக்டா யாரும் சொன்னதில்ல சார்."

உன் அக்கா போய் இரண்டு வருடமாகிறது. இனி இந்தத் திருத்தத்தை நான் உன்னிடம்தான் சொல்ல முடியும். உனக்கு வலி தொடங்கியது இரவில் இல்லை. முந்தின நாள் காலை, ஆறு மணி நாற்பது நிமிடம். முப்பத்தோராவது முறை எழுந்தபோது. உன் கால்களை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.