வேனில் பத்துப் பேர்

ஆவணி, செவ்வாய்க்கிழமை

அப்புறம் நீயே சொல்லு மாரியாத்தா, கழித்தலைக் கதையாகச் சொல்லிக்கொடுத்தது தப்பா? தீப்பெட்டிக்குள் பத்துக் குச்சிகளை அடுக்கி, சாயங்காலம் என் வீட்டுக்குப் படிக்க வரும் பிள்ளைகளிடம் நீட்டினேன்.

"இதுதான் கம்பெனி வேன். வேல முடிஞ்சு பத்துப் பேரு வாராக. மூணு பேரு கோயில்ல எறங்கிட்டாக. வீட்டுக்கு வந்தது எம்புட்டுப் பேரு?"

ஒன்றாம் வகுப்பு முத்துமாரி மூன்று குச்சிகளை எடுத்தாள். பிறகு திரும்ப உள்ளேயே வைத்தாள்.

"பத்து, அத்தை."

"எறங்குனவுகள எதுக்குடி ஏத்துன?"

"எல்லாரும் வீட்டுக்கு வரணும்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அவள் சிலேட்டில் தப்புப் போட்டேன்.

விளக்கேற்றினேன், சாப்பிட்டேன். அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை.

இப்போதுதான் நினைவு வருகிறது. போன வருசம் பட்டாசுக் கம்பெனி வெடித்த அன்றைக்கு, முத்துமாரியின் அம்மா போன வேனிலும் பத்துப் பேர்தான். திரும்பியது ஏழு பேர். அவள் அம்மா அதில் இல்லை.