அன்புச்செல்வி விரும்பி வைத்த ஃப்ரீபிஎஸ்டியைத் திரும்பப் போட வேண்டி

அனுப்புநர்:
ச. எல்லம்மாள்,
க/பெ. சக்கரவர்த்தி,
வேங்கிக்கால், திருவண்ணாமலை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: எங்கள் குடியிருப்பு மகளிர் கணினிக் கூடத்தில் என் காலஞ்சென்ற மகள் வைத்திருந்த ஃப்ரீபிஎஸ்டியை அழித்தது – ஒரு கணினியிலாவது திரும்பப் போட உத்தரவு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஐப்பசிப் பௌர்ணமியன்று கூடத்தில் இருந்தவர்கள்: குடியிருப்புச் செயலாளர் சின்னசாமி, அவர் தங்கை ஜோதியம்மாள், என் மகளோடு சேர்ந்து பாடம் நடத்திய அறிவுமதி, அங்கே படிக்கும் நந்தினி, என் பேத்தி மணிமொழி, நான். யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டாலும் சொல்லுவேன். எனக்குப் படிப்பு கம்மி. மறதி அதைவிடக் கம்மி.

2. கம்ப்யூட்டரை ஓட்டுகிற சிஸ்டத்தில் ஃப்ரீபிஎஸ்டி ஒன்று, லினக்ஸ் ஒன்று. இரண்டும் பங்காளி முறை என்பாள் என் மகள் அன்புச்செல்வி. அவளுக்குப் பிடித்தது முதலாவது. 'எல்லாம் ஒரே இடத்துல சேர்ந்து செஞ்சதும்மா. சந்தேகம்னா உள்ளயே விளக்கம் இருக்கு, எவன்கிட்டயும் போய் நிக்க வேணாம்' என்பாள். அறிவுமதிக்கு லினக்ஸ். 'உன் பேய்க்கு வைஃபையே புடிக்காதுடி' என்று அவள் சீண்டுவாள். 'உன் பென்குவின் வாரத்துக்கு ஒரு வேஷம் கட்டும், போடி' என்பாள் இவள். பிறகு இருவரும் ஒரு டீயைப் பாதியாக்கிக் குடிப்பார்கள். சித்திரையில் மஞ்சள் காமாலையில் என் மகள் போய்விட்டாள்.

3. பென்குவின் என்றது லினக்ஸின் அடையாளப் படத்தை, பேய் என்றது ஃப்ரீபிஎஸ்டியின் அடையாளப் படத்தை. சிவப்பாக, கொம்போடு, கையில் சூலம் மாதிரி ஒன்றோடு இருக்கும். கணினி மேல் மகள் ஒட்டியிருந்தாள். கிரிவலம் முடித்து நேராக வந்த ஜோதியம்மாள் அதைப் பார்த்து, 'மலை சுத்தற ஊர்ல பேயை வச்சா பாடம் நடத்தறீங்க?' என்று கத்தினார். 'பேய் பூட்ஸ் போட்டிருக்குமா, நல்லா பாரு' என்றேன். கேட்கவில்லை. சின்னசாமி பேயை உடனே எடுக்கச் சொன்னார்.

4. படத்தைக் கிழித்தால் போதும் என்று சொல்லத் தெரிந்தவள் அங்கே அறிவுமதிதான். அவளோ, 'மொத்தமா லினக்ஸ் போட்டுடறேண்ணா, பிரச்சினையே வராது' என்றாள். போட்டும் விட்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெண்களுக்காக என் மகள் தமிழில் எழுதி வைத்த பாடமெல்லாம் அதோடு அழிந்தது. 'செல்வி எழுதினது எங்கடி?' என்று கேட்டேன். 'அதெல்லாம் நெட்லயே இருக்கும்மா' என்றாள். என் மகள் எழுதியது எந்த நெட்டில் இருக்கும் ஐயா?

5. அழிந்துபோன பாடம் திரும்ப வராது என்று நந்தினி சொல்லிவிட்டாள். ஆனால் ஃப்ரீபிஎஸ்டியைத் திரும்பப் போட அவளுக்குத் தெரியும். சின்னசாமிதான் விட மாட்டேன் என்கிறார். 'எங்கம்மா வேலை செஞ்ச கம்ப்யூட்டர் எது?' என்று மணிமொழி கேட்கிறாள். காட்ட ஒன்றும் இல்லை. படம் வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரே ஒரு கணினியில் அந்த சிஸ்டம் இருக்கும்படி தாங்கள் உத்தரவிட வேண்டும்.

6. யார் மீதும் நடவடிக்கை கேட்கவில்லை. ஜோதியம்மாள் பயந்த சுபாவம். சின்னசாமி தங்கைக்குப் பயந்தவர். நந்தினி சின்னப் பெண், அவள் சொன்னால் எடுபடாது. இவர்களை எல்லாம் விட்டுவிட்டேன். என் மகள் போன அன்று என் மடியில் விழுந்து அழுதவள், அழிக்குமுன் பாடத்தை எடுத்து வைக்கத் தெரிந்தும் எடுத்து வைக்காதவள், ஒருத்தி இருக்கிறாள். அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன்: அறிவுமதி.

இடம்: வேங்கிக்கால்
நாள்: 17.11.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ச. எல்லம்மாள்