உறங்கும் பிரிவு

மார்ச் 4
காலையில் பள்ளிப் பேருந்து இரண்டுக்கு பிரேக் மாற்றினேன். வீட்டுக்கு வந்தால் பைக் வேகப் பந்தயச் சங்கத்துக் கடிதம். புது விதியாம். மூன்று வருடமாக மூன்று வண்டிகூடச் சேராத பிரிவெல்லாம் ‘உறங்கும் பிரிவு’. இனி அதில் யாரும் ஓட முடியாது. இருக்கும் சாதனை நிரந்தரமாகப் புத்தகத்தில் நிற்கும்.

எங்கள் ஐம்பது சிசி பழைய வண்டிப் பிரிவும் அந்தப் பட்டியலில். உறங்குகிறதாம்! பதினொரு வருடமாக ஒவ்வொரு ஆகஸ்டும் உப்புப் பாலைவனத்தில் வண்டிமேல் குப்புறப் படுத்து ஓட்டுகிறேனே, அது என்ன தூக்கமா?

மார்ச் 5
கோபம் அடங்கவில்லை. நிரந்தரமாக நிற்கப் போவது யார் பெயர்? நெட்ரா. என் தங்கை. மணிக்கு 57.812 மைல். போன வருடம் நான் 57.6. இவ்வளவு கிட்டே வந்துவிட்டு விடுவதா? மாட்டேன்.

மார்ச் 7
சங்கத் தலைவர் ஹால்வர்சனுக்குப் போன் போட்டேன். “வெர்லா, பேசாம நூறு சிசில ஓடேன்” என்றார். அதில் சாதனை எண்பத்தெட்டு மைல். “என் வண்டி 1955ல பொறந்தது, ராக்கெட் இல்ல” என்றேன். சிரித்தார். ஜூன் ஒன்றுக்குள் மூன்று விண்ணப்பம் வந்தால் பிரிவு பிழைக்குமாம். ஒன்று நான்.

மார்ச் 23
போக்கடெல்லோ ஊர்ப் பல் டாக்டர் கென்ட்டைப் பிடித்துவிட்டேன். அவருடையது மொபெட். ஓடுமா, தெரியாது. பெயர் இருந்தால் போதும். இரண்டு.

ஏப்ரல் 2
வேறு யாருமே இல்லை. எல்கோ ஊரில் இருக்கும் நெட்ராவுக்கே போன் போட்டேன். எனக்கு வெட்கம் கிடையாது.

“நான் வரலைன்னா சாகிற வரைக்கும் என் பேருதான் நிக்கும். நான் என்ன லூசாக்கா?”

“தோத்துருவோம்னு பயமா?”

“நீ கொஞ்சம் எடையைக் குறை. வண்டி தானா ஓடும்.”

வைத்துவிட்டாள். நானும் இன்று கேக் சாப்பிடவில்லை, அது வேறு விஷயம்.

மே 30
அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. வரமாட்டாள். நானாக இருந்தால் வருவேனா? — தெரியவில்லை. வண்டியைப் பிரிக்க மட்டும் மாட்டேன். விடமாட்டார்கள் என்றாலும் தொடக்கக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்துவேன். தள்ளட்டும் பார்ப்போம்.

ஜூன் 2
ஹால்வர்சன் கூப்பிட்டார். மூன்று விண்ணப்பம்! நெட்ராவுடையதில் ‘குறிப்பு’ என்ற கட்டத்தை வாசித்துக் காட்டினார்: “எங்கக்கா தூங்கமாட்டா. பிரிவு மட்டும் எப்படித் தூங்கும்?”

கழுதை! கண் கலங்கிவிட்டது.

ஆகஸ்ட் 10
உப்பு நன்றாகக் காய்ந்து இறுகியிருக்கிறது. கென்ட்டின் மொபெட் அரை மைலில் படுத்துவிட்டது. என் முதல் ஓட்டம் 57.9. இரண்டு ஓட்டத்தின் சராசரிதான் கணக்கு; அதுவரை வண்டி சங்கத்தின் காவல் கொட்டகையில். நாளைக் காலை இன்னொரு ஓட்டம்.

ஆகஸ்ட் 11
சராசரி 58.031. சாதனை என்னுடையது. என்னுடையது!

நெட்ரா கட்டிப் பிடித்து, “இன்னிக்கு நல்லா அனுபவிச்சுக்கோக்கா” என்றாள். அப்புறம், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, “என் இன்ஜினுக்குப் போற பெட்ரோல் பத்தல. உன்கிட்ட கார்புரேட்டர்ல போடற அறுபத்தெட்டாம் நம்பர் மெயின் ஜெட் இருக்கா?”

இருந்தது. உப்பில் யார் கேட்டாலும் கொடுப்பதுதான் வழக்கம். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 13
நேற்று ஒரு ஓட்டம், இன்று ஒன்று. சராசரி 58.116. என் ஜெட்டில்! கொடுத்திருக்கவே கூடாது. திட்டினேன். “அடுத்த வருஷம் திருப்பித் தரேன்” என்கிறாள். ஜெட்டையா, சாதனையையா என்று கேட்டால் வண்டியை ஏற்றப் போய்விட்டாள்.

கென்ட் மொபெட்டைக் கழற்றிக் கொண்டிருந்தார். அடுத்த வருடமும் வருவாராம்.

ஆகஸ்ட் 20
வண்டியில் ஒட்டிய உப்பைக் கழுவி முடித்தேன். வீட்டுக் கொட்டகைச் சுவரில் எழுதி வைத்திருந்த பழைய சாதனையை அடித்துவிட்டு, நெட்ரா, 58.116 என்று எழுதினேன். பென்சிலால்.