மீன்களை சைஸ்வாரியாக அடுக்கிய கதை

9.3.2007, வெள்ளி

இன்று நடந்ததை மூவுலகிலும் ஒருவரும் நம்பமாட்டார், இது சத்தியம்.

அக்கா மகள் கவிதா நொய்யல் ஆற்றில் லட்சம் கெண்டை பிடித்து, நீளமும் எடையும் அளந்து, என் பனியன் கம்பெனி கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். கல்லூரியில் கணக்கிடும் மென்பொருள் ஒரே கம்ப்யூட்டரில்தான். முறை வர யுகமாகும். அதனால் இலவசமாகக் கிடைக்கும் ‘ஆர்’ மென்பொருளை இறக்கிக்கொண்டாள். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

எடைகள் தாறுமாறாகக் கிடந்தன. பனியன் பீஸ்களை சைஸ்வாரியாக அடுக்கியே பழகிய கை. நீளத்தை அப்படியே விட்டு, எடைப் பத்தியை மட்டும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கிவிட்டேன். ஒரு மீனின் எடை இன்னொரு மீனுக்குப் போய்விட்டது.

மாலையில் வரைபடம் போட்டுப் பார்த்தவள் வெளுத்துப்போனாள்.

“ஏனுங்க மாமா, விரல் நீள மீனு அரைக் கிலோ இருக்குதுங்களே?”

“சாயத்தண்ணி குடிச்ச மீனு கண்ணு. யானையாட்டம் ஆயிருக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. “ஓசி மென்பொருளை நம்புனது என்னோட தப்புங்க. காலையில வந்து எல்லாத்தையும் அழிச்சுப்போடறேன். படிப்பு அடுத்த வருசம் முடியட்டும்.”

நான் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

அவள் எழுதிய கட்டளைகள் அதில் அப்படியே இருக்கின்றன. அளந்த நோட்டும் அவளிடம்தான். எடைகளைத் திருத்தினால் மென்பொருள் நொடியில் மறுபடி ஓடும், காசும் கேட்காது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிட்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

லட்சம் மீன் பொய், நாற்பதுதான். யானையும் பொய். அந்த மென்பொருள் ஒரு தப்பும் செய்யவில்லை என்பது மட்டும் நிஜம்.