பித்த உடம்புக்கு மிளகு ரசம்

பதுளை
1911 மார்கழி

சௌபாக்கியவதி சிவபாக்கியத்துக்கு ஆசீர்வாதம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா? நான் நலமாக இருக்கிறேன். இதை முதலில் நம்பிவிட்டு மேலே படி.

"உங்களுக்குப் பித்த உடம்பு, மிளகு பூண்டு பக்கமே போயிடாதீங்க" என்று சொல்லி அனுப்பினாயே, அதை இந்தக் குளிரிலும் காப்பாற்றி வந்தேன். எங்கள் துணிக்கடைச் சமையல்காரர் பண்டாரம் மற்றவர்களுக்கு ரசம் வைத்தாலும் எனக்கு மட்டும் மோர்தான். போன வாரம் லுணுகலைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் துணி மூட்டையோடு போய் மழையில் நனைந்தேன். திரும்பியதும் தொண்டை கட்டிக் குரலே போய்விட்டது. சேலை விலையை விரலால் காட்டினேன். வாங்க வந்த பெண்கள் சிரித்துவிட்டு, பேரத்தையும் விரலாலேயே பேசினார்கள்.

"உடம்பு பித்தந்தாங்க. ஆனா இந்த ஊரு கபமாச்சே!" என்று பண்டாரம் மிளகு ரசத்தை நீட்டினார். முதலில் மறுத்தேன். பிறகு உன் பேச்சை மீறிக் குடித்துவிட்டேன். குரல் வந்துவிட்டது, பித்தம் ஒன்றும் தலைக்கேறவில்லை.

தொண்டைக்காக மோரை நிறுத்தியதில்தான் ஒரு குறை. கடைசியில் மோர்ச்சோறு இல்லாமல் எழுந்தால் சாப்பிட்டு முடித்த மாதிரியே இல்லை.

ஊரிலிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் மணத்தக்காளி வற்றல் கொடுத்து அனுப்பு. மிளகு சேர்க்கலாம் என்று ஒரு வரியும் எழுது. உன் தம்பியை எழுதச் சொல்லாதே. எழுத்து கோணினாலும் நீயே எழுது.

கடையில் ஆள் கூடிவிட்டது, நிறுத்துகிறேன். உன் வரி வந்து சேரும்வரை ரசத்தை மருந்து என்று சொல்லித்தான் குடிப்பேன்.

சிதம்பரநாதன்