ஒலியைத் தாண்டும் சில நொடிகள்

ஃபீனிக்ஸ்
11.3.2007

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். விவாகரத்துத் தீர்ப்பின் நகல் வந்துவிட்டது. இனி நான் உங்கள் மருமகள் அல்ல. என்னால்தான் நீங்களும் என் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. என்னையும் உங்கள் மகனையும் சேர்த்துவைக்க நீங்கள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பது அவர் கோபம். நான் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தாலும் என் அம்மாதான் பேசுகிறார். அப்பா தோட்டத்துக்குப் போய்விடுகிறார். என் கடிதங்கள் உங்கள் வீட்டுக்கு வருவது தெரிந்தால் பகை இன்னும் வளரும். ஆகவே இதைக் கடைசிக் கடிதமாக எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வேண்டாம்.

உங்களோடு இயற்பியல் பேசிக் கழித்த மாலைகளுக்கு நன்றி. அந்தப் பழக்கத்தில்தான் இங்கே அமெரிக்காவில் ராக்கெட் கட்டுவோர் சங்கம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். என் ராக்கெட் என்னைவிட ஒரு முழம் உயரம். வரும் சனிக்கிழமை பாலைவனத்தில், ஒலியைவிட வேகமாகப் போகும்படி ஏவப்போகிறேன்.

இப்படிக்கு,
கயல்

•

சின்னமனூர்
2.4.2007

கயலுக்கு,

'மதிப்பிற்குரிய அம்மா' என்று யாருக்கோ எழுதிய கடிதத்தைத் தபால்காரர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த முகவரியில் அப்படி ஒருத்தி இல்லை. நீ என் மகனைக் கட்டுவதற்கு முன்பே, பிறந்த நாளிலிருந்தே, உனக்கு உன் அப்பனின் அக்கா ஒருத்தி இருக்கிறாள். நீதிமன்றம் உன் மாமியாரை நீக்கலாம். அத்தையை நீக்கும் அதிகாரம் எந்த நீதிபதிக்கும் கிடையாது.

உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்மாறன் உன்னோடு வாழ்ந்துகொண்டே இன்னொருத்தியோடும் குடித்தனம் நடத்தினான். அதை என்னிடம் மட்டும் சொன்னாய். பெற்றவர்களிடமும் ஊராரிடமும் 'ஒத்துவரவில்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டாய். கடைத்தெருவில் நான் தலைநிமிர்ந்து நடப்பது உன் மௌனத்தின் தயவில்தான். அந்தத் தயவு இப்போது செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்துகிறது. உன் அப்பனிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். தமிழ்மாறனைப் பெற்றவள் சொல்வதுதான் முறை.

பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் ராக்கெட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஆயுள் முழுவதும் இயற்பியல் துறையில் கழித்தவளுக்கு நீ செய்திருப்பது சுத்தக் கொடுமை. சனிக்கிழமை என்ன ஆயிற்று?

மலையம்மாள்

•

ஃபீனிக்ஸ்
20.5.2007

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். ராக்கெட் உடைந்துவிட்டது.

அந்த வேகத்தில் வால் இறக்கைகள் நடுநடுங்கிப் பிய்ந்துபோகும் என்று பயந்து, கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்து, ஓர் இறக்கையின் நுனியிலிருந்து ராக்கெட் குழாயின் மேலாக அடுத்த இறக்கையின் நுனிவரை ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே உடம்பாக்கியிருந்தேன். அவை தாங்கின. கெடுத்தது உள்ளே இருந்த சின்னக் கருவி. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும்; அது மறுபடி கூடத் தொடங்கினால் உச்சியைத் தாண்டிவிட்டோம் என்று புரிந்துகொண்டு கருவி பாராசூட்டை வெளியே தள்ளும். ஆனால் ஒலியின் வேகத்தைத் தாண்டும் சில நொடிகளில் ராக்கெட்டைச் சுற்றிக் காற்று குழம்பி, அழுத்தம் திடீரென்று எகிறும். கருவி அதை நம்பிவிட்டது. முழு வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போதே விழுகிறோம் என்று நினைத்துப் பாராசூட்டை விரித்துவிட்டது. அதன் கயிறு குழாயை அவரைக்காயைப் பிளப்பதுபோலப் பிளந்துவிட்டது.

இதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. அந்த நொடிகளில் அழுத்தம் எதைச் சொன்னாலும் நம்பாதே என்று கருவிக்கு முன்கூட்டியே கட்டளையிட வேண்டும்.

அப்பாவிடம் இப்போது சொல்லாதீர்கள் அத்தை. கொதித்துப்போயிருக்கிறார். ஒன்று, அரிவாளைத் தேடுவார். இல்லையென்றால் உங்கள் தெருப்பக்கமே திரும்பமாட்டார். கொஞ்சம் ஆறட்டும்.

அடுத்த ராக்கெட்டின் பாராசூட்டுக்கு உங்கள் பழைய பட்டுச்சேலை ஒன்றை அனுப்புவீர்களா?

அன்புடன்,
கயல்

•

சின்னமனூர்
28.6.2007

கயலுக்கு,

சேலை அனுப்பமாட்டேன். பழம்பட்டு மடிப்பில் இற்றுப்போகும். நீயும் அதை அழுதுகொண்டே மடித்து வைப்பாய். இரண்டும் ராக்கெட்டுக்கு ஆகாது. நைலான் வாங்கு.

உன் கருவியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அது அளந்த அழுத்தம் உண்மையானது. முடிவெடுத்த நேரம்தான் தவறு. மார்ச் மாதம் நீ எனக்கு எழுதிய 'கடைசிக் கடிதம்' அப்படி விரிந்த பாராசூட்தான். உன் அப்பனிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிடத் துடித்த என் ஏப்ரல் மாத வீராப்பும் அதே ரகம். ஆகவே பொறுக்கிறேன். ஆனால் சொல்லாமல் சாகமாட்டேன் என்பதையும் குறித்துக்கொள்.

போன வாரம் உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணம். எதிர்ப்பந்தியில் உன் அப்பன். என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்தபடியே பாயசம் குடித்தான். நான் அவனைப் பார்த்தபடியே இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். மற்றபடி பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டது, வயலெல்லாம் நாற்றங்கால்.

ஒரு சந்தேகம். நம்பாதே என்று கருவிக்குச் சொல்லப்போகிறாய், சரி. அந்த அவநம்பிக்கை எப்போது முடியவேண்டும் என்றும் சொல்லி வைப்பாயா? முடிவு வைக்காவிட்டால், உண்மையாகவே விழும்போதும் அது நம்பாது. ராக்கெட் நேராக வந்து தரையில் குத்தும்.

மலையம்மாள்

•

ஃபீனிக்ஸ்
9.12.2007

அன்புள்ள அத்தைக்கு,

முடிவு வைத்தேன். ஒலியைப்போல் ஒன்றரை மடங்கு வேகம். ஏவிய கொஞ்ச நேரத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். பிறகு யாரோ கைகாட்டினார்கள். மிக உயரத்தில் ஒரு புள்ளி ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தது. நைலான்தான்.

வறண்டு வெடித்துக் கிடந்த ஏரித்தரையில் வெகுதூரம் நடந்துபோய் எடுத்தேன். இறக்கைகளில் ஒரு கீறல் இல்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். சங்கத்தின் உயர்நிலைச் சான்றிதழும் கிடைத்துவிட்டது. உங்கள் சந்தேகத்துக்கு நன்றி.

உங்கள் பொறுமைக்கும் இனி முடிவு வைத்துக்கொள்ளலாம் அத்தை. நேரத்தை நீங்களே பாருங்கள்.

அன்புடன்,
கயல்

•

சின்னமனூர்
18.1.2008

அன்புள்ள கயலுக்கு,

இரண்டு வருடமாக உன் அப்பன் எனக்குப் பொங்கல் சீர் கொண்டுவருவதில்லை. ஆகவே மாட்டுப் பொங்கலன்று நானே பேருந்து ஏறி மார்க்கையன்கோட்டைக்குப் போனேன். தொழுவத்தில் காளையின் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. உன் அம்மாவிடம், "எதுக்கு வந்தாகன்னு கேளு" என்றான்.

நானும் அவளிடமே சொன்னேன். "சீர் வாங்க வரலைன்னு சொல்லு ராக்கம்மா. எம்மகன் பவுசைச் சொல்லிட்டுப் போக வந்தேன்னு சொல்லு."

பிறகு எதையும் மறைக்காமல் சொன்னேன். தூரிகை நின்றுபோயிற்று. காளைதான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இதை அப்பவே ஏன் சொல்லலைன்னு கேளு."

"அவுக மகதான் சொல்லவிடலைன்னு சொல்லு. எம்மானத்தைக் காப்பாத்தத்தான் அவ வாயை மூடிக்கிட்டு இருந்தான்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன ரேடியோவா? இந்தா இருக்காக, கேட்டுக்கங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ராக்கம்மாள் காப்பி போடப் போய்விட்டாள்.

தூது போக ஆளில்லை. நீ அனுப்பிய படத்தைத் தொட்டியின் விளிம்பில் வைத்து, ராக்கெட்டின் கதையைச் சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா, அம்புட்டு உசரம் போயிட்டு இது முழுசாத் திரும்பி வந்துச்சா?"

"வந்துச்சுடா. ஒரு கீறல் இல்லை."

"புள்ள ஒத்தையிலயா போயி எடுத்தா?"

"ஒத்தையிலதான்."

படத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அன்று அந்தக் காளை ஒரு கொம்பு நீலமும் ஒரு கொம்பு வெறுமையுமாகத்தான் ஊர்சுற்றியது. தமிழ்மாறனைப் பற்றிக் கேட்டதற்கு, "அவென் உங்க மகன், நீங்க பாத்துக்கங்க" என்றான். அரிவாளைத் தேடவில்லை. நீ ஆறவிட்டது வீண்போகவில்லை.

எனக்கு என் தம்பி திரும்பக் கிடைத்திருக்கிறான். அதற்கு நன்றி. இரண்டாவது முறையாகச் சொல்கிறேன், பழக்கமாகிவிடும் போலிருக்கிறது.

அடுத்து எப்போது விடுவாய், பாராசூட் என்ன நிறம் என்று கேட்கிறான். பதிலை எனக்கு எழுதாதே. மார்க்கையன்கோட்டைக்கு எழுது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். எனக்கு ஓர் அவசரமும் இல்லை.

உன் அத்தை,
மலையம்மாள்