ஆர்லீனின் முட்டிவலி

மே 14

இன்றைய இடத்தை என் வீடு விற்கிற தொழில் பாஷையில் விற்பதென்றால்: அருமையான காற்றோட்டம், நீர்வசதி உண்டு, தொட முடியாது. ஏதோ ஒரு பெரிய ஊருக்குத் தண்ணீர் போகிற கால்வாய். மேலே சிமென்ட் மூடி. அந்த மூடியின் மேல் நடக்கிறோம். காலுக்கடியில் தண்ணீர் குளுகுளுவென்று ஓடுகிறது, எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

ஆர்லீன் முன்னால். வெயிலுக்கு அந்த வெள்ளி நிறக் குடையைப் பிடித்துக்கொண்டு போவதால் பாதையில் அவளுக்குப் பேர் ‘குடை’. இங்கே யாரும் பெற்றவர்கள் வைத்த பேரில் நடப்பதில்லை. கூட நடக்கிறவர்கள் வைப்பதுதான் பேர், மறுக்கவும் முடியாது. எனக்கு ‘டோல்கேட்’. என்னைத் தாண்டுகிற எவரும் ஐந்து நிமிஷம் பேச்சு கட்டிவிட்டுத்தான் போகவேண்டுமாம். அவதூறு. பத்து நிமிஷம் ஆகும்.

ஒரே கவலை ஆர்லீனின் முட்டி. பத்து நாளாக, கூடாரம் போடுகிற நேரம் வந்தால் நொண்டுகிறாள். ஏப்ரலில் மெக்சிகோ எல்லையில் நடக்கக் கிளம்பினோம், அமெரிக்காவின் மேற்கோரம் முழுக்கப் போகிற நடைபாதை இது. செப்டம்பர் முடிவதற்குள் கனடா எல்லையைத் தொட்டாக வேண்டும். அப்புறம் வடக்கே பனி விழுந்து பாதை மூடிவிடும். இப்போது போகிற வேகத்துக்கு நவம்பர் ஆகும். எனக்கொன்றுமில்லை, நான் துணைக்கு வந்தவன். வீட்டில் துணி துவைக்கிற அறைச் சுவரில் இந்தப் பாதையின் வரைபடத்தை ஒட்டிவைத்து இருபது வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தவள் அவள்.

அந்த முட்டியோடேயே முன்னால் போகிறாள் பார், பிடிவாதக்காரி. நானும் அவளுக்காகப் பார்த்துப் பார்த்து மெதுவாகத்தான் நடக்கிறேன்.

மே 17

காற்றாலைகள். காற்றாலை எதற்கு இங்கே வைத்தார்கள் என்று புரிந்தது. கூடாரத் துணி என் பையில், கம்பிகள் ஆர்லீன் பையில் (பாரம் பங்கு). துணியை நான் பிரித்ததும் அது கனடாவுக்குக் கிளம்பிவிட்டது. துரத்திப் பிடித்தேன். இந்தப் பயணத்தில் நான் ஓடியது அது ஒன்றுதான்.

ராத்திரிச் சாப்பாடு: உருளைக்கிழங்கு மாவைக் கரைத்த கூழ், மணல் தூவியது.

மே 21

புதுச் சிநேகிதி. ‘சைரன்’. அறுபத்திரண்டு வயசு, ஆரிகனில் ஒரு ஜெயிலில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். குறட்டையால் வந்த பேர். இன்று மத்தியானம் ஒரு ஜோஷுவா மரத்தின் கஞ்ச நிழலில் படுத்துத் தூங்கினாள். பக்கத்து மரத்து ஓணான் இடம் மாறிப் போனது.

எழுந்ததும் டோல் வசூலித்தேன். ஆர்லீனின் முட்டியைப் பற்றி விரிவாகச் சொன்னேன். “என் வேகத்துக்கு நான் இந்நேரம் மலை ஏறியிருப்பேன். என்ன பண்றது, கட்டிக்கிட்டோமே.”

சைரன் என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “ஆமாமா, உன்னைப் பாத்தாலே தெரியுது” என்றாள். எவ்வளவு பண்பானவள்.

தினமும் காலையில் ஆர்லீனுக்கு இரண்டு வலி மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறாள். நல்ல கணவனாக இருப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

மே 28

சாலை ஓரத்தில் யாரோ புண்ணியவான் தண்ணீர் கேன்கள் அடுக்கி வைத்திருந்தார். நிரப்பிக்கொண்டிருந்தேன். ஆர்லீன் முன்னே போய்விட்டாள். சைரன் வந்து சேர்ந்தாள், வலது காலை இழுத்துக்கொண்டு.

“டோல்கேட், உன் பொண்டாட்டி குடுத்த மாத்திரை எல்லாம் தீந்துபோச்சு. இன்னும் நாலு இருந்தா குடேன். என் முட்டி செத்துச்சு.”

“எந்த மாத்திரை?”

“தினம் ரெண்டு குடுப்பாளே.”

“அது அவ முட்டிக்கு!”

“அவ முட்டிக்கா?” சைரன் சிரித்த சிரிப்பில் கேன் ஒன்று உருண்டது. “யோவ், நேத்து அந்தப் பெரிய இறக்கத்தை அவ ஓடியே இறங்கினா. குடையோட. பாட்டு வேற. கீழே போய் ஒரு மணி நேரம் உக்காந்து ஒரு கதைப் புத்தகத்தையே முடிச்சிட்டா. நீ வர்ற தூசி தெரிஞ்சதும் எந்திரிச்சு நொண்ட ஆரம்பிச்சா. நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கிட்டுதான் பண்றீங்கன்னு நினைச்சேன். எல்லாருக்கும் தெரியுமே.”

எல்லாருக்கும். இந்தப் பாதையில் யார் யாரோடு சண்டை, யார் யாருடைய கூடாரத்தில் என்று தெற்கிலிருந்து வடக்கு வரை விநியோகம் பண்ணுகிறவன் நான். என் வீட்டுச் செய்தி எனக்குக் கடைசியாக வருகிறது.

மாத்திரை கொடுத்தேன். நாலு. அவளுக்காவது உண்மையான முட்டி இருக்கிறது.

மே 29

நம்ப மாட்டேன் என்று முடிவு பண்ணினேன். அதனால் ஒளிந்து பார்த்தேன்.

காலையில், “நீ பொறுமையா வா, முட்டியை அலட்டிக்காதே” என்று சொல்லிவிட்டு முதலில் கிளம்பினேன். ஒரு வளைவு தாண்டிப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஐம்பத்தாறு வயது, சொந்தப் பெண்டாட்டியை வேவு பார்க்கிறான். எறும்புப் புற்றின் மேல் உட்கார்ந்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

வந்தாள். எனக்கு என்னமோ மாதிரி ஆகிவிட்டது. இறக்கத்தில் தண்ணீர் எப்படி வரும், அப்படி வந்தாள். கல்லைப் பார்க்கவே இல்லை, கால் தானே பார்த்து வைத்தது. முப்பது வருஷமாக இவளோடு நடந்திருக்கிறேன் — கடைக்கு, சர்ச்சுக்கு, பிள்ளையின் பட்டமளிப்புக்கு. இப்படி இவள் நடந்து நான் பார்த்ததே இல்லையே. நான் கூட இருந்தால் எப்படிப் பார்ப்பேன்?

என்னைத் தாண்டிப் போனாள். எறும்பு கடித்தது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

மே 30

இன்று அவளிடம் எதுவும் கேட்கவில்லை. நான். எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் அழகாக நொண்டினாள். இடது கால். போன வாரம் வலது.

ஜூன் 5, கென்னடி மெடோஸ்

பாலைவனம் முடிந்தது. இங்கே ஒரு கடை, முன்னால் மரப்பலகைத் தளம். பாலைவனத்தை நடந்து முடித்து வருகிற ஒவ்வொருவரையும் தளத்தில் இருப்பவர்கள் எழுந்து கைதட்டி வரவேற்பது வழக்கம். ஆர்லீனுக்குத் தட்டியது எனக்குத் தூரத்திலிருந்தே கேட்டது. நான் வந்து சேர்ந்தபோது அவள் குளித்து, ஒரு ஹாம்பர்கர் முடித்து, இரண்டாவதில் பாதியில் இருந்தாள். எனக்கும் தட்டினார்கள். இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. கால் வலியாக இருக்கலாம்.

தளத்தில் எல்லாருக்கும் ஒரே பேச்சு — இனி வரும் மலைகளில் பனி. கணவாய்களில் இன்னும் உறைந்து கிடக்கிறதாம், பனியில் ஊன்றக் கோடாரி வேண்டும், ஷூவுக்கு அடியில் இரும்புப் பல் கட்டவேண்டும், ஆறுகள் இடுப்பளவு. ஆர்லீன் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், “மெர்ல், இந்த முட்டியோட மலை வேணாம்னு தோணுது. பாலைவனம் பாத்தாச்சுல்ல. போதும். வீட்டுக்குப் போயிடலாம்” என்றாள்.

கெச்சப் தொட்ட விரலை நக்கிக்கொண்டே சொன்னாள். இருபது வருஷ வரைபடம்.

ஜூன் 6

கேட்டுவிட்டேன். துணி துவைக்கிற தொட்டி பக்கத்தில், அவள் என் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தபோது.

“எந்த முட்டி ஆர்லீன்? இடதா, வலதா?”

பிழிவதை நிறுத்தினாள். “யார் சொன்னா?”

“ஊரே சொல்லுது.”

“உன்னோட வாய்க்கு இந்தப் பாதையில ரகசியம்னு ஒண்ணு தங்குமா!”

“இது என் வாய் இல்லம்மா. இந்த ஒரு தடவை நான் காது.”

அப்போதாவது சிரிப்பாள் என்று நினைத்தேன். காலுறை என் மார்பில் வந்து விழுந்தது, சப்பென்று.

“மெதுவா வர்றவனை இழுத்துக்கிட்டுப் போறாளேன்னு உன்னை யாரும் சொல்லக்கூடாதுன்னு பண்ணினேன். என் முட்டின்னா உனக்கு வெக்கமில்லாம நடக்கலாம்ல. நீ என்னடான்னா வழியில பாக்கிறவங்ககிட்ட எல்லாம் என் முட்டியைப் பத்தி பிரசங்கம்!”

சரி, வாங்கிக்கொண்டேன். பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு என் தியாகத்தை ஆரம்பித்தேன் — நான் வீட்டுக்குப் போகிறேன், நீ போ, உன் கனவுக்குக் குறுக்கே நான்...

“உன் தியாகத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வை” என்றாள். “எனக்குப் பயம் மெர்ல். பனியைப் பாத்தா பயம். ஆத்தைப் பாத்தா பயம். நீ நவம்பர்ல போய்ச் சேருவேன்னு கணக்குப் பாத்து எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. நீ மெதுவா நடக்கிற வரைக்கும் நான் மலைக்குப் போகவேண்டாம்ல. அந்த நொண்டல் உனக்கு மட்டும் தச்ச சட்டை இல்லை.”

வீடு விற்கும்போது கூரை ஒழுகினால் கூட எனக்குச் சொல்ல ஒரு வாக்கியம் உண்டு. காலுறையை எடுத்துக் கொடியில் போட்டேன்.

ஜூன் 7

காலையில் சைரனிடம் போனேன். அவள் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு, மலைக்குத் துணை தேடிக்கொண்டிருந்தாள். தனியாகப் போக அவளுக்கும் மனமில்லை.

“ஆர்லீனைக் கூட்டிட்டுப் போறியா?”

“நீ யார் கேக்கறதுக்கு? அவளுக்கு வாய் இல்லையா?”

“அவளுக்குப் பயம்.”

“எனக்கு மட்டும் என்ன, பனின்னா அல்வாவா? முப்பது வருஷம் ஜெயில்ல நானூறு பேருக்குப் பொங்கிப் போட்டேன், தினம் காலையில கதவு திறக்கும்போது பயம்தான். திறந்தேன், அவ்வளவுதான். அவளை வந்து கேக்கச் சொல்லு. நீ கூட வராதே. வந்தா நீதான் பேசுவே.”

ஆர்லீனிடம் சொன்னேன், கூடப் போகவில்லை. தளத்தின் மறுகோடியில் உட்கார்ந்து, காது எட்டாத தூரத்திலிருந்து, இரண்டு பெண்கள் பேசுவதைப் பார்த்தேன். இந்தப் பயணத்திலேயே கஷ்டமான ஒரு மணி நேரம், அந்தக் கால்வாயை விட மோசம். ஆர்லீன் தலையை ஆட்டினாள். மாட்டேன் என்றா, சரி என்றா? பின்பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

பிறகு வந்து, “அந்தத் துணியைக் குடு” என்றாள்.

கூடாரத் துணி. அவளிடம் கம்பி இருக்கிறது. துணி அவளுக்குப் போனால் வீடே அவளுக்கு.

அதற்கப்புறம் பாகப்பிரிவினை, பட்டப்பகலில், தளத்தின் மேல், பார்வையாளர்கள் முன்னிலையில். அடுப்பு அவளுக்கு. பானை அவளுக்கு. பெரிய கரண்டி? “அது என்னுது.” “நீ எங்கே போய் எதைக் கிண்டப் போறே?” அவளுக்கு. பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரிடம், “விவாகரத்தா?” என்று கேட்டார். “இல்லை, கல்யாணம்” என்றாள் சைரன். என்னவோ, எனக்குக் கடைசியில் கிடைத்தது பல் துலக்குகிற பிரஷும் இந்த நோட்டும்.

ஜூன் 8

போய்விட்டார்கள். கோடாரி அவள் முதுகில் தலைகீழாகத் தொங்கியது, சைரன் நிறுத்தித் திருப்பி மாட்டினாள். ஆர்லீன் வெளுத்துப்போயிருந்தாள். “மெர்ல், நான் பாதியில திரும்பி வந்தா சிரிக்கக்கூடாது.” “சிரிக்க மாட்டேன். ஊருக்குச் சொல்லுவேன்.” அதற்குச் சிரித்தாள்.

நொண்டாமல் போனாள். வளைவு வரைக்கும் பார்த்தேன்.

ஜூன் 16, ஆனியன் வேலி

எங்கள் ஊர் மொடெஸ்டோவுக்குப் போய்க் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மலைப்பாதை கீழே இறங்குகிற இடத்தில், ஒரு முழுக் கோழியும் ஒரு தர்பூசணியும் வைத்துக்கொண்டு இரண்டு நாளாகக் காத்திருந்தேன். கோழி இரண்டாவது கோழி. முதலாவதைக் கவலையில் நானே தின்றுவிட்டேன்.

இன்று மத்தியானம் இறங்கினார்கள். இரண்டு பேர் மூக்கும் தோல் உரிந்து தக்காளி. ஆர்லீன் கோழியை நின்றபடியே தின்றாள். “பயமா இருந்துச்சா?” “ம்.” “ஆறு?” “இருந்துச்சு.” “கணவாய்?” “ஏறினோம்.” அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு நான் யாருக்கு என்ன செய்தி சொல்ல?

ஒரு கணம், போதும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வாளோ என்று பார்த்தேன். சொல்லிவிட்டால் என்ன பண்ணுவது என்றும் பயமாக இருந்தது. எலும்பைக் கீழே வைத்துவிட்டு, “அடுத்து எங்கே நிப்பே?” என்றாள்.

ஜூலை 19

சாலை எங்கே பாதையைக் குறுக்கிடுகிறதோ அங்கே நான், ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலி. கடந்து போகிறவர்களுக்கெல்லாம் தக்காளி. ஆர்லீன் நாலு நாள் கழித்து வருவாள்.

ஆகஸ்ட் 22, ஆரிகன்

அவர்கள் வந்து, சாப்பிட்டு, போய்விட்டார்கள். என்னமோ ‘தபால்காரன்’ என்று ஒருத்தன், ‘மூணாவது செருப்பு’ என்று ஒருத்தி — அவர்களைப் பற்றி இரண்டு பேரும் பேசிப் பேசிச் சிரிக்கிறார்கள். யார் என்று கேட்டேன். “அது பெரிய கதை மெர்ல்” என்றாள் ஆர்லீன், வாயில் ரொட்டியோடு. நேரமில்லை, கிளம்பிவிட்டாள். எனக்குத் தெரியாத ஆட்களைப் பற்றி என் பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்கிறது. காரில் உட்கார்ந்து சும்மா கொஞ்ச நேரம் ரேடியோ கேட்டேன். நன்றாக இல்லை.

செப்டம்பர் 24, ஹார்ட்ஸ் பாஸ்

இதற்கு மேல் காருக்குப் பாதை கிடையாது. வந்த மண்சாலை ஒரு பக்கம் அதலபாதாளம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன், பாதாளம் இருந்த பக்கத்துக் கண்ணை. நேற்று எல்லைக்குக் கிளம்பினார்கள். எல்லையைத் தொட்டுவிட்டு இங்கேயே திரும்பி நடந்து வரவேண்டும்.

பனி தூவுகிறது.

செப்டம்பர் 26, வின்த்ராப்

காலையில் மூடுபனிக்குள்ளிருந்து முதலில் சைரன் வந்தாள், பின்னால் ஆர்லீன். கைதட்ட நான் ஒருத்தன்தான் இருந்தேன், தட்டினேன். “தொட்டியா?” “தொட்டேன்.” சைரன் தங்கை மகனின் காரில் ஊருக்குக் கிளம்பினாள். போகும்போது இரண்டு பேரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

காரில் ஹீட்டரைப் போட்டேன். அந்த மண்சாலையின் முதல் வளைவில் ஆர்லீன் பேச ஆரம்பித்தாள். ஆற்றில் சைரன் விழ, அவள் பையின் பட்டையை இவள் பிடித்து இழுத்தது, கணவாயில் இவள் உட்கார்ந்து அழுதது, அழுதது போதுமா என்று சைரன் மணி பார்த்தது, தபால்காரன் யார், அவன் ஏன் தபால்காரன், மூணாவது செருப்புக்கும் அவனுக்கும் என்ன. மலை இறங்கி, தார்ச்சாலை வந்து, ஊர் வந்து, மோட்டல் வந்தது. நிறுத்தவில்லை. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இடமே கிடைக்கவில்லை.

அறைக்கு வந்தும் கட்டிலில் உட்கார மாட்டேன் என்றாள், மெத்தை ரொம்ப மெத்தென்று இருக்கிறதாம். தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டு தொடர்ந்தாள்: வாஷிங்டனில் ஒரு மலைமேல், மழையில், தபால்காரன் மூணாவது செருப்பிடம் போய், எல்லார் முன்னாலும் முட்டி போட்டு, மோதிரத்தை நீட்டி—

தூங்கிவிட்டாள். மத்தியானம் மூணு மணி, வாய் திறந்தபடி.

எழுப்பக்கூடாது. எனக்குத் தெரியும். நானும் இறங்கித் தரையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மூணாவது செருப்பு சரி சொன்னாளா இல்லையா?